டிசம்பர் மணவாளன் வாங்கிய அடிகள்

அந்த வருடம் டிசம்பர் பிறந்ததும் பிறக்காததுமாகக் கடல் முகத்தைத் திருப்பிக்கொண்டது. துறைமுகத்தில் ஏற்றிய புயல் கூண்டை இறக்கவே இல்லை, ஒரு புயல் கரையேறுவதற்குள் அடுத்தது பின்னால் கிளம்பி வந்தது. வள்ளங்களை இழுத்துத் தென்னைகளோடு சேர்த்துக் கட்டிவிட்டு வெள்ளாந்துறை ஆம்பிளைகள் எல்லோரும் வீட்டில் இருந்தார்கள். கடலுக்குப் போகாத ஆம்பிளை வீட்டில் இருந்தால் என்ன நடக்கும் என்று அந்த ஊர்ப் பெண்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. காலையில் வலையைப் பிரித்துப் பிரித்து மடிப்பான், மத்தியானம் குடிப்பான், பொழுது சாயும் நேரத்துக்கு அடிப்பான். இயேசு பாலன் பிறப்புக்காக வீட்டுக்கு வீடு காகித நட்சத்திரம் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அந்த நட்சத்திரங்களுக்குக் கீழேதான் எல்லாம் நடந்தது.

கஸ்பாரின் மனைவி கித்தேரி அந்த ஊரில் வருடத்துக்கு ஒரு கதைப்புத்தகம் வாங்குகிறவள். கன்னியர் மடத்துப் பள்ளியில் எட்டாவது வரை படித்திருந்தாள். டிசம்பரில் திருநாள் சாமான் வாங்கத் தூத்துக்குடிக்குப் போனால், பஸ் நிலையத்துக் கடையில் கிறிஸ்துமஸ் சிறப்பிதழ் என்று தொங்கும் மாத நாவல்களைப் பார்த்துக்கொண்டே நின்று, அட்டையில் எந்த முகம் நல்ல முகமாகத் தெரிகிறதோ அதை வாங்கி, சேலைக்கும் சேமியாவுக்கும் நடுவில் சொருகிக் கொண்டுவருவாள். ஒரே மூச்சாகப் படித்துவிட மாட்டாள். சோறு வடிகிற நேரத்துக்குக் கொஞ்சம், மாவு ஊறுகிற நேரத்துக்குக் கொஞ்சம், துணி காய்கிற நேரத்துக்குக் கொஞ்சம் என்று நிறுத்தி நிறுத்திப் படித்து, கதையில் வரும் கல்யாணம் சரியாகப் பாலன் பிறப்பு அன்றைக்கு வரும்படி பார்த்துக்கொள்வாள். அவளுக்கென்று இருந்த சந்தோஷம் அது ஒன்றுதான், அதைச் சந்தோஷம் என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை.

அந்த வருடத்துப் புத்தகத்தின் பெயர் 'டிசம்பர் மணவாளன்'. அட்டையில் சிவப்பு ஸ்வெட்டர் போட்ட ஒருவன் கையில் கேக்கை ஏந்திக்கொண்டு சிரித்தான். பெயர் ரூபன். மலையூர் ஒன்றில் அப்பா விட்டுப்போன பேக்கரியை நடத்துகிறான். அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் பாட்டு டீச்சராக மெர்சி என்று ஒரு பெண் வருகிறாள், திருநாள் பாட்டுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்கிறாள், குளிரில் பிள்ளைகளுக்குத் தொண்டை கட்டிக்கொள்கிறது, ரூபன் தன் பேக்கரி அடுப்படியைத் திறந்துவிடுகிறான், ரொட்டி வேகிற சூட்டில் பிள்ளைகள் பாடுகிறார்கள், பாட்டுக்கு நடுவே அவன் மாவு பிசைகிறான், பிசைகிற கையை மெர்சி பார்க்கிறாள். அந்த இடம் வந்ததும் கித்தேரி புத்தகத்தை நெஞ்சில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள். ஆம்பிளைக் கையைப் பயமில்லாமல் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்பதை நினைத்துப் பார்க்கவே அவளுக்கு இனிப்பாக இருந்தது.

முதல் அடி கதைக்குள் போனது ஒரு சாயங்காலம். கடலோரத்து வீட்டில் கருவாட்டுக் குழம்பா என்று கேட்டுக்கொண்டு வந்தான் கஸ்பார். கையில் நங்கூரக் கயிறு இருந்தது. கித்தேரி அடுப்பு வெளிச்சத்தில் உட்கார்ந்து, ரூபன் மெர்சியிடம் எதையோ சொல்ல வாயெடுக்கிற வரியில் இருந்தாள். வருகிற அடி வரத்தான் போகிறது, அதற்குள் அவன் என்ன சொன்னான் என்று பார்த்துவிடலாம் என்று அவள் கண்ணை எடுக்கவில்லை. கயிறு காற்றைக் கிழித்து வந்து கழுத்திலும் தோளிலும் விழுந்தது, விழுந்த வேகத்தில் அவள் உடம்பு ஆடியது, ஆனால் வலிக்கவில்லை. கஸ்பார் மறுபடி ஓங்கினான். மறுபடி விழுந்தது. அவள் அடுத்த வரிக்குப் போனாள். கை சலிக்கும் மட்டும் அடித்துவிட்டு அவன் போய்ப் படுத்தான். கித்தேரி ஜாக்கெட்டை விலக்கிப் பார்த்தாள். தோலில் ஒரு கீறல்கூட இல்லை. பக்கத்தைத் திருப்பினாள்.

'மறுநாள் பேக்கரியைத் திறந்த ரூபனின் கழுத்திலிருந்து தோள்வரை கயிறு அழுந்தினாற்போலச் சிவந்த தடம் ஓடியது. இதென்ன என்று மெர்சி பதறினாள். ஒன்றுமில்லை, மாடிப்படியில் வழுக்கிவிட்டேன் என்று சொல்லி ரூபன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்' என்று அச்சடித்திருந்தது.

கித்தேரி அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தாள். அது அவள் பேச்சு. ஆரம்ப சுகாதார நிலையத்து நர்சிடம், பங்குச் சாமியாரிடம், தன் அம்மாவிடம் அவள் அதைத்தான் சொல்லியிருந்தாள்.

பக்கத்து வீட்டு ஜெசிந்தாவிடம் காட்டினாள். ஜெசிந்தா மீன் விற்கிறவள், கித்தேரியைவிட மூத்தவள், எதையும் முகர்ந்து பார்க்காமல் நம்பாதவள். அவள் புருஷன் வாஸ் அடிக்கும்போது கதவைச் சாத்தமாட்டான், தெரு பார்க்கட்டும் என்று திறந்து வைத்துத்தான் அடிப்பான். ஜெசிந்தா எழுத்துக்கூட்டிப் படிப்பாள். அன்றைக்குப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு போய், வாஸ் வருவதற்காகக் காத்திருந்து, அவன் வந்து கூந்தலைப் பிடித்துச் சுவரில் முட்டியபோது, 'ரூ-ப-ன் அ-டு-ப்-பை மூ-ட்-டி-னா-ன்' என்று ஒவ்வொரு எழுத்தாக உரக்கச் சொன்னாள். சுவரில் இருந்த சுண்ணாம்பு பெயர்ந்து விழுந்தது. அவள் நெற்றியில் ஒன்றும் இல்லை. மறுநாள் புத்தகத்தில் ரூபன் தலையில் கட்டோடு ரொட்டி விற்றான், கதவு இடித்துவிட்டது என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னான்.

அப்புறம் புத்தகம் தெருத்தெருவாகப் போனது. பிளாஸ்டிக் பையில் சுற்றி, சேலை முந்தானைக்குள் மறைத்து, எந்த வீட்டில் புருஷன் அதிகமாகக் குடித்திருக்கிறானோ அந்த வீட்டுக்கு முதலில் போனது. படிக்கத் தெரியாதவளுக்குப் பக்கத்து வீட்டுக்காரி ஜன்னலோரம் நின்று வாசித்தாள், காதால் கேட்டாலும் போதும் என்று தெரிந்தது. படித்த பக்கத்தைத் திரும்பப் படித்தால் அடி உடம்பிலேயே விழுந்தது, ஆகவே ஒவ்வொரு அடிக்கும் புது வரி வேண்டும் என்று தெரிந்தது. ஜெசிந்தா தூத்துக்குடிக்குப் போய் அதே புத்தகத்தில் இன்னொன்று வாங்கிவந்தாள். அதில் ரூபன் ஒரு காயமும் இல்லாமல் மெர்சியோடு மலைப்பாதையில் பாட்டுப் பாடிக்கொண்டு போனான், அதைக் கையில் வைத்திருந்த ஜெசிந்தாவுக்கு அன்றைக்கு ஒரு பல் போனது. வாஸ் அந்தப் புத்தகத்தைக் கிழித்து அடுப்பில் போட்டான். அடியை வாங்கிக்கொள்வது கித்தேரியின் புத்தகம் ஒன்றுதான் என்று பெண்கள் தெரிந்துகொண்டார்கள்.

மத்தியான வேளைகளில் பெண்கள் கோயிலுக்குப் பின்னால் இருந்த வலைக்கொட்டகையில் கூடி உட்கார்ந்து, முந்தின நாள் அடிகளுக்காகச் சிதறலாக வாசிக்கப்பட்ட வரிகளைக் கித்தேரியை முதலிலிருந்து சேர்த்துப் படிக்கச் சொல்லிக் கேட்டார்கள். அடி வாங்காத நேரத்தில் கதை கேட்பது வேறு மாதிரி இருந்தது. மெர்சி தன் சால்வையைக் கிழித்து ரூபனுக்குக் கட்டுப்போட்ட இடத்தில் எல்லோரும் நெருங்கி உட்கார்ந்தார்கள். கட்டு எப்படிப் போட வேண்டும் என்று அவர்களுக்கு மெர்சியைவிட நன்றாகத் தெரியும், ஆனால் அவர்களுக்கு யாரும் போட்டதில்லை. தங்களுக்காக ஒருநாளும் அழாத பெண்கள் ரூபனுக்காக மூக்கைச் சிந்தி அழுதார்கள். எழுந்து வீட்டுக்குப் போனார்கள். சாயங்காலம் அவனுக்கு மறுபடி அடி வாங்கிக்கொடுத்தார்கள்.

ஆம்பிளைகளுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது, விளங்கியதும் மனம் லேசானது. அடித்தால் மறுநாள் கோயிலில் பெண்டாட்டியின் வீங்கிய முகம் எதிரில் வந்து நிற்கும் என்ற ஒரு சங்கடம் இருந்ததே, அது போயிற்று. நர்சம்மா தையல் போடுகிற சாமான்களைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, வெள்ளாந்துறை இந்த வருடம் திருந்திவிட்டது என்று எல்லோரிடமும் சொன்னார். மாமனார்கள் மருமகன்களைப் புகழ்ந்தார்கள். கிறிஸ்துமஸ் தாத்தா வேடத்தோடு ஆம்பிளைகள் வீடு வீடாகப் பாடிக்கொண்டு வந்தபோது கதவைத் திறந்த முகங்களெல்லாம் கறுப்பும் நீலமும் இல்லாமல் பளிச்சென்று இருந்தன, பாட்டும் முன்னைவிடக் கணீரென்று வந்தது. வலிக்காத அடிக்கு அளவெதற்கு என்று கையில் கிடைத்ததையெல்லாம் எடுத்தார்கள். பெல்ட் போய்க் கயிறு வந்தது, கயிறு போய்த் துடுப்பு வந்தது. சிலர் மரியாதையாகவே நடந்துகொண்டார்கள். வீட்டுக்குள் வந்ததும் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, 'புத்தகத்த எடு' என்று சொல்லி, அவள் எடுத்து விரிக்கும் வரைக்கும் காத்திருந்து அடித்தார்கள்.

ஞாயிறு பூசை முடிந்து ஊர் கமிட்டி கூடியது. புத்தகம் ஒரு வீட்டுச் சொத்து இல்லை, ஊருக்குப் பொது, கித்தேரி பொறுப்பாக வைத்திருந்து கேட்கிறவர்களுக்கெல்லாம் கொடுக்க வேண்டும், ஒரு அடிக்கு ஒரு வரிக்கு மேல் யாரும் படித்துப் பக்கத்தை வீணாக்கக்கூடாது என்று தீர்மானம் ஆனது. கஸ்பாருக்கு அதில் பெருமைகூட இருந்தது. ஊர்ப் பொதுவுக்கு ஒன்றைக் கொடுத்த வீடு என்று பேர் வந்ததல்லவா.

மலையூரில் ரூபனின் நிலைமை மோசமாகிக்கொண்டே வந்தது. பிசைகிற கை முழங்கைக்குக் கீழே ஒடிந்தது. விலா எலும்புகள் நொறுங்கின, மூச்சுவிடும்போது சத்தம் வந்தது. திருநாள் கேக்குக்கு ஊறவைத்த திராட்சை புளித்துப்போனது, அடுப்பு அணைந்தது, பிள்ளைகள் பாட வராமல் நின்றார்கள். பேக்கரிக்காரன் எங்கேயோ போய்ச் சண்டை போடுகிறான், ரவுடி, அவனுக்குப் பெண்ணைக் கொடுக்க மாட்டேன் என்று மெர்சியின் அப்பா சொன்னார். உன்னை யார் அடிக்கிறார்கள் என்று மெர்சி கேட்டுக்கொண்டே இருந்தாள். கிணற்றடியில் வழுக்கினேன், இருட்டில் கால் இடறியது, தூக்கத்தில் கட்டிலிலிருந்து விழுந்தேன் என்று அவன் சொல்லிக்கொண்டே இருந்தான். கல்யாணம் கிறிஸ்துமஸ் காலை என்று குறித்திருந்தது. அதற்கு இன்னும் சில பக்கங்கள்தான் இருந்தன.

கித்தேரி பழைய பக்கங்களைத் திருப்பிப் பார்ப்பாள். அங்கே அவன் முழுசாக இருந்தான், மாவு பிசைந்தான், சிரித்தான். அந்தக் கையைத்தான் நான் ஒடித்தேன் என்று அவளுக்குத் தோன்றும். கஸ்பார்தானே ஒடித்தான் என்று உடனே தோன்றும். இரண்டுக்கும் நடுவில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

கொட்டகையில் ஒருநாள் அவள் அதைச் சொன்னாள், இனி நிறுத்திவிடலாம், அந்தப் பையன் செத்துப்போவான் என்றாள். பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஜெசிந்தாதான் பேசினாள்.

“ஏளா, அவனுக்கு என்ன, விடிஞ்சா மீன்கூட தூக்கணுமா, புள்ளைக்குப் பால் குடுக்கணுமா? மையும் தாளும். எனக்கு இது நெசமான முதுகு.”

“அவன் நம்மள மாதிரியே பொய் சொல்லுதான்க்கா. அதான் எனக்குத் தாங்கல.”

“சொல்லட்டும். நான் இத்தன வருசம் சொன்னேன். ஒருத்தரு கேக்கல.”

ஜெசிந்தா சொன்னதில் தப்பு இல்லை.

கித்தேரி பங்குச் சாமியாரிடம் போனாள். அவர் நல்ல மனுஷர். கோயிலில் குடில் கட்டிக்கொண்டு, வைக்கோலைப் பரப்பி, ஆட்டுக்குட்டிப் பொம்மைகளை நிறுத்திக்கொண்டிருந்தார். ஊரில் இந்த வருடம் சண்டை சச்சரவு இல்லை என்பதில் அவருக்கு நிம்மதி. கித்தேரி எல்லாவற்றையும் சொன்னாள். ஒருத்தன் எங்களுக்காக அடி வாங்குகிறான் என்றாள்.

சாமியார் வைக்கோலை விட்டுவிட்டு நிமிர்ந்தார். “நமக்காக அடி வாங்குனவரத்தானம்மா நாம கும்பிடுதோம்.”

“அவரு தெரிஞ்சு வாங்குனாரு சாமி. இவனுக்கு யாருக்காகன்னே தெரியாது.”

சாமியார் ஒரு ஆட்டுக்குட்டியைக் கையில் எடுத்தார். பிறகு அதைக் கீழே வைத்துவிட்டு, எனக்கு இதற்குப் பதில் தெரியவில்லை மகளே என்று மெதுவாகச் சொன்னார். ஒரு சாமியார் தெரியவில்லை என்று சொல்லி அவள் கேட்டது அதுதான் முதல்முறை. அவளுக்கு அது திட்டியதைவிட உதவியாக இருந்தது.

திருநாளுக்கு முந்தின தினம் காலையிலேயே வாஸ் தொடங்கிவிட்டான். புது வேட்டியில் கஞ்சி சரியாகப் போடவில்லை என்பது காரணம். ஜெசிந்தா கித்தேரி வீட்டுக்கு ஓடிவந்து புத்தகத்தை வாங்கிக்கொண்டு போனாள். வாஸ் துடுப்பின் முனையால் அவள் முகத்தில் குத்தினான். குத்திய குத்து மனுஷ முகத்தில் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று திறந்த கதவு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த தெருவுக்குத் தெரிந்தது. ஜெசிந்தா வரியை முடித்துவிட்டு, புத்தகத்தைக் கொண்டுவந்து கித்தேரியிடம் கொடுத்துவிட்டுப் போனாள். கித்தேரி பிரித்தாள். ரூபனின் இடது கண் போயிருந்தது. படுக்கையில் கிடந்தான். இன்னொரு அடி இந்த உடம்பு தாங்காது என்று மலையூர் டாக்டர் மெர்சியிடம் சொன்னார். மெர்சி கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். அந்த வரியோடு பக்கம் முடிந்திருந்தது. அடுத்து கடைசி அத்தியாயம்.

கித்தேரி புத்தகத்தைப் பையில் சுற்றிக்கொண்டு கோயிலுக்குப் போனாள். கோயிலில் யாரும் இல்லை. குடிலில் குழந்தைக்காகப் போட்டிருந்த வைக்கோலை விலக்கி அடியில் வைத்து மூடினாள். சாமியார் பூசை உடுப்பு வைக்கும் சக்கிறிஸ்து அறை வாசலில் வந்து நின்றார், பார்த்தார், திரும்பி உள்ளே போய்விட்டார். அவள் புத்தகத்தைத் தரமாட்டாள் என்ற சேதி எப்படியோ பரவியது. வரிசையாகப் பெண்கள் வந்து கேட்டார்கள், கெஞ்சினார்கள், ஒருத்தி மண்ணை வாரித் தூற்றினாள். திருநாளும் அதுவுமாக எங்களை உதைபட வைக்கிறாயே, உனக்கு அந்தத் தாள்காரன் யார், கள்ளப் புருஷனா என்று கேட்டாள். கமிட்டித் தலைவர் ஆள் அனுப்பினார். தொலைந்துவிட்டது என்று மட்டும் கித்தேரி எல்லோரிடமும் சொன்னாள். பொய் சொல்ல அவளுக்கு நல்ல பழக்கம்.

மத்தியானம் தாண்டி அவள் முற்றத்தில் அடுப்பை மூட்டி அச்சுமுறுக்கு சுட உட்கார்ந்தாள். எண்ணெய் காய்ந்து புகைந்துகொண்டிருந்தது. நீளக் கம்பியின் நுனியில் பூ மாதிரி இருக்கும் இரும்பு அச்சை எண்ணெயில் முக்கிச் சூடேற்றி, மாவில் தோய்த்து, மறுபடி எண்ணெயில் இறக்கி உதறினாள். பூக்கள் ஒவ்வொன்றாகக் கழன்று மிதந்தன. கஸ்பார் கமிட்டியிலிருந்து வந்தான். ஊர்முன்னால் அவனைத் தலைகுனிய வைத்துவிட்டாள் என்று அவனுக்குக் கோபம். சட்டையைக் கழற்றினான்.

“புத்தகத்த எடு.”

“இல்ல.”

“எடுன்னு சொன்னேன்.”

“இல்லாமலே அடிங்க.”

அவன் அடித்தான். வாயில் விழுந்தது. உதடு பல்லில் கிழிந்து ரத்தம் மாவுச்சட்டியில் தெறித்தது. கித்தேரி அதற்குத் தயாராகத்தான் இருந்தாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து வாங்கியதுதான், ஒன்றும் புதிதில்லை, பல்லைக் கடித்துக்கொண்டால் போய்விடும், ரூபன் பிழைப்பான் என்றுதான் கணக்குப் போட்டிருந்தாள். ஆனால் அந்தச் சில வாரங்களில் அவள் உடம்புக்கு அடி வாங்குகிற பழக்கம் விட்டுப்போயிருந்தது. வலி என்பது இவ்வளவு பெரியதா என்று இருந்தது. இதையா இத்தனை வருடம், இதையா ஒவ்வொரு சாயங்காலமும், இதையா அந்தப் பையன் ஊர் முழுக்கச் சேர்த்து வாங்கினான் என்று தலைக்குள் ஓடியது. இரண்டாவது அடி காதோடு விழுந்து ஒரு பக்கம் கேட்காமல் போனது. மூன்றாவதுக்கு அவன் குனிந்து கூந்தலைப் பற்றியபோது, அவள் யோசிக்கவில்லை, அவள் கை யோசிக்கவில்லை, எண்ணெய்க்குள் கிடந்த அச்சைக் கம்பியோடு தூக்கி அவன் கன்னத்தில் வைத்து அழுத்தினாள்.

தோல் பொரிகிற சத்தம் கேட்டது. கஸ்பார் கூந்தலை விடவில்லை, அவளும் கையை எடுக்கவில்லை. அவன் விட்ட பிறகுதான் அவள் எடுத்தாள். எடுத்தபோது தோலும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வந்தது. அவன் மணலில் விழுந்து முகத்தை மணலில் தேய்த்து, தேய்க்கத் தேய்க்க இன்னும் எரிந்து, கால்களை உதைத்தான். எழுந்து வருவானென்று அவள் கம்பியை அவன் பக்கம் நீட்டிக்கொண்டே நின்றாள். கம்பி நுனியில் எண்ணெய் சொட்டியது. அவன் எழுந்து அவளைப் பார்த்தான், கம்பியைப் பார்த்தான், வாசல் வழியாக வெளியே நடந்து போனான். அதற்குப் பின் அவள் உட்கார்ந்து, ரத்தம் விழுந்த மாவை மணலில் கொட்டிவிட்டு, அச்சைத் தேய்த்துக் கழுவி, புது மாவு கரைத்து மிச்சத்தைச் சுட்டு முடித்தாள். வேறு என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

நர்சம்மா பெட்டியைத் திறக்க வேண்டியதாயிற்று. இந்த ஊரில் அவர் முதல்முதலாக ஒரு ஆம்பிளைக்குத் தீக்காயத்துக்கு மருந்து போட்டார். திருநாள் காலைப் பூசையில் கஸ்பார் ஆம்பிளைகள் பக்கத்தில் நடைபாதை ஓரத்தில் நின்றான். வலது கன்னத்தில் எட்டு இதழ் பூ ஒன்று ஈரமாகச் சிவந்து பூத்திருந்தது. அச்சுமுறுக்கு சுடாத வீடு ஊரில் இல்லை, அதனால் அது என்னவென்று யாரும் யாரிடமும் கேட்கவில்லை. நற்கருணை அப்பம் வாங்கப் போகிறவர்கள் ஒவ்வொருவராக அந்தக் கன்னத்தைத் தாண்டித்தான் போனார்கள். பெண்கள் பக்கத்தில் கித்தேரி உப்பிய உதட்டோடு முக்காடு போடாமல் நின்றாள். சாமியார் பிரசங்கத்தில் சமாதானத்தைப் பற்றிச் சொல்ல வந்து பாதியில் நிறுத்திவிட்டு, பாடகர் குழுவைப் பாடச் சொன்னார்.

பூசை முடிந்து கூட்டம் கலைந்த பிறகு கித்தேரி குடிலுக்குப் போய் வைக்கோலுக்குள் கைவிட்டுப் புத்தகத்தை எடுத்தாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கத்தான் எடுத்தாள். கமிட்டித் தலைவர் ஒரு அடி முன்னால் வந்தார். அவள் நின்று அவரைப் பார்த்தாள். அவர் தன் கன்னத்தைத் தடவிக்கொண்டு, திருநாள் முடியட்டும், பேசிக்கொள்ளலாம் என்றார்.

வலைக்கொட்டகையில் பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். முந்தின நாள் மண்ணை வாரித் தூற்றியவளும் வந்தாள். அவள் கண் வீங்கியிருந்தது, இன்னும் பலருக்கும் அப்படி எங்கேயாவது இருந்தது, புத்தகம் இல்லாத ஒரு சாயங்காலம் ஊரில் கழிந்திருந்தது. ஜெசிந்தா கொட்டகைத் தூணில் சாய்ந்து தள்ளி உட்கார்ந்தாள். கித்தேரி கடைசி அத்தியாயத்தை உரக்க வாசித்தாள். உதடு பிளந்திருந்ததால் பகரமும் மகரமும் வரும் ஒவ்வொரு சொல்லுக்கும் வலித்தது. ரூபன் என்று சொல்ல வலித்தது, மெர்சி என்று சொல்ல வலித்தது.

ரூபன் சாகவில்லை. இரண்டு பேர் தாங்கிப் பிடித்து அவனைக் கோயிலுக்குக் கூட்டிவந்தார்கள். ஒடிந்த கை கழுத்தில் கட்டிய துணியில் தொங்கியது, போன கண்மேல் வெள்ளைத் துணி கட்டியிருந்தது. பட்டவை எதுவும் ஆறவில்லை. பீடத்துக்கு முன்னால் மெர்சி அவனை நிறுத்தி, இப்போதாவது சொல், உன்னை யார் அடித்தார்கள், சொன்னால்தான் மோதிரம் மாற்றுவேன் என்றாள். கொட்டகையில் ஒருத்தி காதைப் பொத்திக்கொண்டாள். பெயர் சொல்லிவிடுவான் என்று எல்லோரும் பயந்தார்கள். கித்தேரி தொடர்ந்து வாசித்தாள்.

'தெரியாது மெர்சி, அவர்கள் முகத்தை நான் ஒருநாளும் பார்த்ததில்லை என்றான் ரூபன். அடி விழும்போதெல்லாம் பக்கத்தில் யாரோ ஒரு பெண் வாசித்துக்கொண்டிருக்கிற சத்தம் கேட்கும். ஒவ்வொரு நாளும் வேறு வேறு குரல். நேற்று இரவு யாரும் வாசிக்கவில்லை. நேற்று இரவு நான் தூங்கினேன் என்றான்.'

மெர்சி மோதிரத்தை அவனுடைய நல்ல கையில் போட்டாள். பிள்ளைகள் பாடினார்கள். கேக்கை வேறு யாரோ செய்திருந்தார்கள், அடி கருகியிருந்தது, எல்லோரும் சாப்பிட்டார்கள். முற்றும் என்று போட்டிருந்தது. கித்தேரி முற்றும் என்பதையும் வாசித்தாள். யாரும் எழுந்திருக்கவில்லை, யாரும் அழவில்லை. அவரவர் குரல் அவரவர் காதில் கேட்டுக்கொண்டிருந்தது போல உட்கார்ந்திருந்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் வாஸின் குரல் தெருவிலிருந்து வந்தது. திருநாள் சோறு எங்கே, எங்கே போய்த் தொலைந்தாள் என்று ஜெசிந்தாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டான். நன்றாகக் குடித்திருந்த குரல். ஜெசிந்தா எழுந்து கித்தேரியிடம் வந்து கையை நீட்டினாள். கித்தேரி புத்தகத்தைக் கொடுத்தாள். ஜெசிந்தா கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள், அதற்கு மேல் ஒரு எழுத்தும் இல்லை. பின்னட்டையைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு புத்தகத்தைக் கித்தேரியின் மடியில் வைத்துவிட்டு, முந்தானையை இழுத்து இடுப்பில் சொருகிக்கொண்டு நடந்தாள்.

அவர்கள் வீட்டுக் கதவு வழக்கம்போலத் திறந்தே கிடந்தது. ஏன் இவ்வளவு நேரம் என்று வாஸ் கேட்பது கொட்டகைவரை கேட்டது. அறை விழுந்த சத்தம் கேட்டது, அந்தச் சத்தத்தை அங்கே தெரியாதவர்கள் இல்லை. அதன் பின்னால் ஜெசிந்தாவின் அழுகை வரவேண்டிய இடத்தில் எதுவும் வரவில்லை. சுவரில் சாத்தியிருந்த துடுப்பு இழுபடும் சத்தம் வந்தது. பிறகு மரம் எலும்பில் படுகிற சத்தமும், வாஸ் செத்துப்போன தன் அம்மாவைக் கூப்பிட்டு அலறுவதும் கேட்டது. அம்மாவை மறுபடி கூப்பிட்டான். மறுபடியும்.

பெண்கள் தடுக்கப் போகவில்லை. கித்தேரி வாயில் ஊறிய ரத்தத்தை மணலில் துப்பிவிட்டு, கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.